மழையைச் சுருக்குதல்

பதினோரு இரவு சோலைக்குள் தொங்கிய பதிவுக்கருவியை
அவிழ்த்துக் கொண்டுவந்தேன்.
முப்பத்தெட்டு ஜிபி.
பெங்களூரில் ரிதுபர்ணா காத்திருக்கிறாள்.
கோடையில் என் அறைக்கு வரும் இணையமோ
நாயுடுபுரம் ஏற்றத்தில் முதல் கியரில் முனகும் வேன்.

அதனால் அந்தச் சுருக்கியைத் திறந்தேன்.
காசு கேட்காதது. விளம்பரம் காட்டாதது.
எட்டு வருஷமாய் என்னைக் கைவிடாதது.
கெட்டிக்காரன்தான்,
பழகத்தான் தெரியாது.

எடுத்த எடுப்பில் கேட்கிறது:
அகராதி அளவு எவ்வளவு?
சொல் அளவு எவ்வளவு?
இழைகள் எத்தனை?
ஐயா, நான் புதர்த்தவளைச் சத்தம் அனுப்புகிறவள்.
தவளைக்கு ஏது அகராதி.

மீதமுள்ள நேரம் நாற்பது நிமிடம் என்றது.
அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டு வந்தால்
ஐம்பத்தைந்து.
குளித்துவிட்டு வந்தால்
ஒரு மணி பத்து.

மூன்றாம் இரவு பனி.
எதுவும் கூவவில்லை, இலைகூட அசையவில்லை.
அந்த இரவு முழுவதும் எட்டில் ஒன்றாக மடிந்துவிட்டது.
ஏழாம் இரவு மழை.
மழை மடியவே இல்லை.
நூறு போட்டால் தொண்ணூற்றொன்பது.
ஒருமுறை வந்தது இன்னொருமுறை வந்தால்தான்
அதற்கு மடிக்க வரும்;
ஒரு துளி மாதிரி இன்னொன்று விழவில்லை போல.
எவ்வளவு பெரிய விஷயம் இது!
அதை ஒரு மூலையில்
எறும்பு எழுத்தில் சதவீதமாகக் காட்டி,
வேலை முடிந்ததும் ஜன்னலோடு மூடிக்கொள்கிறது.

கோப்புறைகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தேன்.
அட்டை ஓடை. இடி விழுந்த மரம். குழந்தைவேலு வழுக்கின இடம்.
போன தடவை அங்கே விரித்தபோது
????? ????
????? ????
உங்கள் காட்டில் எல்லாமே கேள்வியா என்று கேட்டாள் ரிதுபர்ணா.
சிரித்தேன். பிறகு
ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டேன்.
ஓடையும் மரமும்
ரேஷன் வரிசையில் நின்றன.

இந்தத் தடவை ஏழு துண்டு.
மடிக்கணினியில் இடமில்லாமல்
நேராகப் பென்டிரைவுகளிலேயே வெட்டினேன்.
கீழே, கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு சின்னக் கட்டம்:
'முடிந்ததும் மூலத்தை அழி.'
போன மாதம் எதற்கோ வைத்த டிக்
அப்படியே இருந்திருக்கிறது.
நான் வைக்கும் கடவுச்சொல் அதற்கு நினைவிருக்காது,
இது இருக்கும்.
அழிக்கட்டுமா என்று ஒரு வார்த்தை
கேட்டிருக்கலாம்.
மெமரி கார்டையும் அன்றே துடைத்து
மறுபடி காட்டுக்கு அனுப்பியாயிற்று.

வத்தலக்குண்டு கூரியருக்கு
பூம்பாறை குழந்தைவேலுவின் ஜீப்பில் போயின
மூன்று பென்டிரைவும்.
போய்ச் சேர்ந்தவை இரண்டு.
நான்காம் துண்டு மட்டும் தனியாக இருந்த
அந்தச் சிவப்புக் குச்சி இல்லை.

"ஜெர்க்கின்லதான் போட்டேன் மேடம்.
மகன் பள்ளிக்கூடத்துக்கு மாட்டிட்டுப் போயிட்டான்.
சாயங்காலம் தேடுறேன்.
மத்த ஆறும் போயிருச்சுல்ல?
ஒண்ணுதானே?"

ஒன்றுதான்.
பூண்டு ஏழு மூட்டை ஏற்றி ஆறு இறங்கினால்
ஆறுக்குக் காசு.
அவர் கணக்கில் பிழையே கிடையாது.
இந்தச் சுருக்கியைச் செய்தவர்
ஒரு நாள் அவர் ஜீப்பில் உட்கார்ந்து
மன்னவனூர் வரைக்கும் போய்வந்திருக்கலாம்.

ரிதுபர்ணா தன் திரையைப் படமெடுத்து அனுப்பினாள்.
'தரவின் எதிர்பாராத முடிவு.'
அதற்குக் கீழே ஒரே ஒரு பொத்தான்:
சரி.

எது சரி?
வேறு பொத்தான் இருந்தால்தானே.

மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
தகரத்தில் ஆரம்பித்தது,
முதலில் ஒன்றிரண்டாக,
பிறகு எண்ண முடியாமல்.
பள்ளி விட இன்னும் ஒரு மணி நேரம்.
அந்தப் பையன் ஜெர்க்கினை மாட்டிக்கொண்டுதான் நடப்பான்,
ஏழாம் இரவின் மழை பையில் இருக்க
இந்த மழையில் நனைந்துகொண்டு.
ஜிப் போட்டிருந்தால் நல்லது.